கம்பலந்து வீதி எங்கே?

என் மூத்த மகள் லிவர்பூல் நகரிலே தாதியாகப் பணிபுரிகிறாள். அவளைக் கைப்பிடித்தவர் அந்நகரத்து இளைஞர். அவருடைய தாயார், அஃதாவது எங்கள் சம்பந்தியம்மா, அப்போது எழுபத்தாறு வயதினர், கணவரை இழந்தவர், பிறந்ததும் வளர்ந்ததும் இங்கிலாந்திலேயாயினும் தம்மை அயர்லாந்துக்காரி என்று சொல்லிக்கொள்வதில் சற்றும் தளராதவர். 2023ஆம் ஆண்டு ஆடி மாதம், பேரப்பிள்ளையைக் காணும்பொருட்டுக் கல்லூரியிலே விடுமுறை பெற்று அங்கே சென்றிருந்தேன். ஒருநாள் மாலை அவர் ஒரு பழைய பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தார். அதன் தாள்களுக்கிடையே நாலாக மடித்த கடிதம் ஒன்று இருந்தது.

“பண்டிதர் ஐயா, நீங்கள் செல்லரித்த ஏடுகளை வாசிக்கிறவர் என்று மருமகள் சொன்னாள். இதையும் ஒருமுறை பாருங்கள்” என்றார். ‘பண்டிதர் ஐயா’ என்னும் அவ்விரண்டு தமிழ்ச் சொற்களும் என் மகள் பழக்கிவைத்தவை, மற்றவை ஆங்கிலம்.

கடிதம் 1898ஆம் ஆண்டுக்குரியது. எழுதியவர் ஒரு சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி. லிவர்பூலிலே வீட்டுவேலைக்கு வந்திருந்த பதினெட்டு வயது மகளுக்கு எழுதியிருக்கிறார். தோலின் விலை, தாயாரின் இருமல், பின்னர்ப் பிறந்த ஆண்குழந்தையின் பெயர், அவ்வளவே செய்தி. அந்த மகள்தான் சம்பந்தியம்மாவின் பாட்டி. பாட்டி மீண்டும் ஊருக்குப் போகவேயில்லை. 1962இல் கண்மூடுவதற்கு முன், பதினைந்து வயதுப் பேத்தியின் கையிலே இக்கடிதத்தைக் கொடுத்து, “அந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வா” என்றாராம்.

தலைப்பிலே முகவரி மூன்று வரியாக இருந்தது. கம்பலந்து வீதி, பார்சன்ஸ்ரவுண், கிங்ஸ் கவுண்டி. வீட்டிலக்கம் இல்லை. இன்றைய அயர்லாந்துப் படத்தை விரித்துப் பார்த்தால் இம்மூன்றில் முதலாவது வேறு ஊர்களிலே உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் எங்குமே இல்லை.

பேத்தி சும்மா இருந்தவரல்லர். 1998இலே, கடிதம் எழுதி நூறாண்டு நிறைந்தது என்று, கணவரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறியிருக்கிறார். ‘கிங்ஸ்’ என்று தொடங்கும் பெயரைக் கண்ட கணவர் அதனைக் கிங்ஸ்ரவுண் என்று கொண்டுவிட்டார். டப்ளின் நகருக்கு அருகேயுள்ள அத்துறைமுகப் பட்டினம் 1920இல் டூன் லேரி என்னும் தன் பழம்பெயரை மீளப் பெற்றது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த ஒன்று தெரியாததைவிடக் கெடுதல் செய்வதும் உண்டு. டூன் லேரியிலே கம்பலந்து வீதி என்று ஒரு வீதி இன்றும் இருக்கிறது! இருவரும் அங்கே மழையிலே நின்று, பழையதாய்த் தோன்றிய ஒரு வீட்டின் வாசற்படியிலே ஒரு கொத்துப் பூவை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சில ஆண்டுகள் சென்றபின் அது வேற்றூர் என்று தெரிந்தபோது கணவர் உயிரோடில்லை. இதைச் சொல்லும்போது சம்பந்தியம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முகவரியை மேலிருந்து கீழே வாசிப்பது உலக வழக்கு. பழைய முகவரியைக் கீழிருந்து மேலே வாசித்தல் வேண்டும் என்பது என் எண்ணம். நாடு, மாவட்டம், ஊர் என்று பெரியவற்றை முதலில் நிலைநிறுத்தினாலன்றி வீதி கைக்கு அகப்படாது. ஒரே வீதிப்பெயர் பல ஊர்களில் இருக்கும். லிவர்பூல் மத்திய நூலகத்திலே, சென்ற நூற்றாண்டின் முதற்பகுதியிலே அச்சான அயர்லாந்துப் படமொன்றை வாங்கி மேசையிலே விரித்தோம். தீவின் நடுப்பகுதியிலே கிங்ஸ் கவுண்டி என்று பெரிய எழுத்திலே இருந்தது. அதன் தெற்கு மூலையிலே பார்சன்ஸ்ரவுண்.

இந்தக் ‘கிங்’ யார்? ஆங்கில மன்னர் எவரோ என்றுதான் யானும் கருதினேன். அன்று! 1556ஆம் ஆண்டு மேரி அரசி காலத்துச் சட்டத்தால் அயர்லாந்தின் நடுநிலம் இரண்டு மாவட்டங்களாக வகுக்கப்பட்டது. அரசிக்கு ஒன்று, அவள் கணவருக்கு ஒன்று. கணவரோ ஸ்பானிய தேசத்துப் பிலிப்பு மன்னர். தலைநகர்களுக்கும் பிலிப்ஸ்ரவுண், மேரிபறோ என்று பெயரிட்டார்கள். அந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராத ஓர் ஸ்பானியரின் நினைவை அம்மக்கள் முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் கடிதத் தலைப்புகளிலே எழுதிவந்தார்கள். விடுதலைக் காலத்திலே கிங்ஸ் கவுண்டி ஓபலி ஆயிற்று. குவீன்ஸ் கவுண்டி லீஷ் ஆயிற்று. பிலிப்ஸ்ரவுண் டைங்கன் என்றும் மேரிபறோ போர்ட்லீஷ் என்றும் மாறின.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓபலி என்பது அப்பகுதியை ஆண்ட ஒரு பழங்குடியின் பெயர். ஆனால் பார்சன்ஸ்ரவுண் இருக்கும் தென்பகுதி அக்குடியினருடைய நிலமன்று. அது ஓ’கறொல் குடியினர் ஆண்ட ஏலி நாட்டைச் சேர்ந்தது. ஆகவே மன்னர் பெயரை நீக்கி மீட்ட தொன்மைப் பெயரும் அவ்வூருக்கு ஓரளவு இரவற் பெயரே. பெயர் மாற்றுவோர் இத்தகைய நுட்பங்களுக்குக் காத்திருப்பதில்லை.

பார்சன்ஸ்ரவுண் என்பது 1620இலே அந்நிலத்தை அரசரிடம் மானியமாகப் பெற்ற லோறன்ஸ் பார்சன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் வமிசத்தால் வந்த பெயர். ஊரின் சொந்தப் பெயர் பேர். ஐரிஷ் மொழியிலே நீர்நிலம் என்று பொருள்படும் என்பர். ஆறாம் நூற்றாண்டிலே பிரெண்டன் என்னும் துறவி அங்கே மடம் அமைத்தார். 697ஆம் ஆண்டு அவ்வூரிலே கூடிய ஒரு பேரவை, போர்க்காலத்திலே பெண்களையும் குழந்தைகளையும் துறவிகளையும் கொல்லலாகாது என்று சட்டம் வகுத்தது. இத்தகைய ஊருக்கு நிலவுடைமையாளர் ஒருவரின் பெயர் போதும் என்று நினைத்தவர்களை என்னென்பது! எனினும் அவ்வமிசத்தையும் முற்றாகப் பழிப்பதற்கில்லை. அதிலே வந்த மூன்றாவது றொஸ் பிரபு 1845இலே தம் மாளிகைத் தோட்டத்திலே 6 அடி விட்டமுள்ள உலோக ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்றை நிறுவினார். 1917 வரை உலகிலே அதனிற் பெரியது இருந்ததில்லை. வானத்துச் சில ஒளிப்படலங்கள் சுருள்வடிவின என்பதை அவர் அங்கிருந்தே கண்டார்.

மாவட்டமும் ஊரும் அகப்பட்டன. இனி வீதி. பேர் நகரின் நடுவிலே ஒரு சதுக்கம். அதன் நடுவிலே ஓர் உயர்ந்த கற்றூண், 1747இல் நாட்டப்பட்டது. முந்திய ஆண்டிலே கலொடன் போர்க்களத்திலே ஸ்கொத்துலாந்துக் கிளர்ச்சியாளரை அழித்த கம்பலந்துப் பிரபுவின் சிலை அதன் உச்சியிலே நின்றது. சதுக்கம் கம்பலந்துச் சதுக்கம். அதனோடு சேர்ந்த வீதி கம்பலந்து வீதி. இன்று அவை எமெற் சதுக்கம், எமெற் வீதி. 1803இலே டப்ளினிலே கிளர்ச்சி செய்து, அவ்வாண்டு செப்டெம்பரிலே தூக்கிலிடப்பட்ட றொபேட் எமெற் என்னும் இளைஞரின் பெயர் அது. தம் நாடு ஏனைய நாடுகளோடு சமமாக நிற்கும் நாள் வரும்வரை தமக்குக் கல்லறை வாசகம் எழுதவேண்டாம் என்று நீதிமன்றத்திலே கேட்டுக்கொண்டவர் அவர். கல்லறை எங்கேயென்பதும் இன்றுவரை தெரியவில்லை. எழுதவேண்டாம் என்றவரின் பெயரை வீதிப் பலகைகளிலே எழுதிவைத்தார்கள்.

இதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. பழைய பெயர்கள் ஊருக்கு ஊர் வேறாய் இருந்தன. புதிய பெயர்களோ ஒருசிலரைச் சுற்றியே வருகின்றன. லிமெறிக்கிலே ஜோர்ஜ் வீதி, ஸ்லைகோவிலே நொக்ஸ் வீதி, எனிஸ் பட்டினத்திலே சிறைச்சாலை வீதி, மூன்றும் இன்று ஓ’கொனல் வீதியே. டப்ளினிலே சாக்வில் வீதியை ஓ’கொனல் வீதியாக்க மாநகரசபை 1884இலே தீர்மானித்தது. வீதிவாசிகள் சிலர் நீதிமன்றம் சென்று தடையுத்தரவு பெற்றார்கள். 1924இலேயே பெயர் சட்டப்படி மாறியது. அந்த நாற்பதாண்டும் சிலர் ஒரு பெயரையும் வேறு சிலர் மற்றப் பெயரையும் எழுதியிருப்பார்கள். அவற்றைக்கொண்டு தம் முன்னோரைத் தேடுவோர் ஒரே வீட்டை இரண்டு வீடாக எண்ணி மயங்குவது இயல்பே.

இனி ஏடுகள். அயர்லாந்திலே குடும்ப வரலாறு தேடுவோர் எல்லோரும் வந்து முட்டும் சுவர் ஒன்றுண்டு. 1922 ஜூன் 30ஆம் நாள், உள்நாட்டுப் போரின் தொடக்கத்திலே, டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக்களரி வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையுள்ள குடிசன மதிப்புத் தாள்கள் பெரும்பாலும் அதிலே சாம்பலாயின. 1861, 1871 ஆண்டுத் தாள்களை அரசாங்கமே முன்னர் அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க்காலத்துக் காகிதப் பஞ்சத்திலே கூழாக்கப்பட்டன. முழுமையாய் எஞ்சியவை 1901உம் 1911உம் மாத்திரமே. எரிந்த தாள்கள் நகரத்தின்மேலே காற்றிற் பறந்தனவாம். 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவனுக்கு இதனை ஒருவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. நாங்கள் இருவரும் சற்றுநேரம் பேசாதிருந்தோம்.

எஞ்சிய 1901ஆம் ஆண்டுத் தாள்களை இன்று வீட்டிலிருந்தபடியே கணினியிலே கட்டணமின்றிப் பார்க்கலாம். மருமகன் தேடித் தந்தார். கம்பலந்து வீதியிலே அதே பெயர், தொழில் சப்பாத்துத் தைத்தல், மனைவி, நான்கு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு வயது மூன்று, கடிதத்திலே கண்ட அதே பெயர்! 1911ஆம் ஆண்டுத் தாளிலே ஒரு புதிய கேள்வி சேர்ந்திருந்தது. திருமணமாகி எத்தனை ஆண்டு? உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை? இப்போது உயிரோடிருப்போர் எத்தனை? தாயார் சொல்ல எழுதிய விடை: ஒன்பது, ஆறு. சம்பந்தியம்மா விரல்விட்டு எண்ணினார். ஐவரின் பெயர் தெரியும். “ஆறாவது பாட்டிதான். பதின்மூன்று வருஷம் காணாத மகளையும் உயிரோடிருக்கிறவள் என்று எழுதுவித்திருக்கிறாள்” என்றார்.

வீட்டிலக்கம் என்று அத்தாளிலே ஓர் எண் இருந்தது. உடனே போய் அந்த இலக்கத்துக் கதவைத் தட்டலாம் என்று மருமகன் துள்ளினார். அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அது கதவிலே தொங்கிய இலக்கமன்று. கணக்கெடுத்தவர் பொலீஸ்காரர். அவர் வீதியிலே நடந்து சென்ற ஒழுங்கிலே வீடுகளுக்கு இட்ட வரிசையெண் அது. 1901இல் ஒரு முனையிலிருந்து நடந்தவர் 1911இல் மற்ற முனையிலிருந்தும் நடந்திருக்கலாம். 1847 முதல் 1864 வரை வெளியான கிறிபித்து மதிப்பீட்டிலே, எங்கள் நாட்டு ஒல்லாந்தர் தோம்புபோலக் குடியிருந்தவர், குத்தகைக்கு விட்டவர், மனையின் பெறுமதி எல்லாம் உண்டு. அதிலுள்ள எண்ணும் படத்திலே மனையைக் காட்டும் குறியெண்ணேயன்றிக் கதவிலக்கமன்று.

ஆனால் அக்குறியெண்ணே எங்களுக்குக் கைகொடுத்தது. கிறிபித்து மதிப்பீடு அச்சானபின், வரி அறவிடுவதற்காக அதனை ஆண்டுதோறும் திருத்திவந்தார்கள். குடியிருந்தவர் இறந்தால் அல்லது வெளியேறினால் பழைய பெயரை வெட்டிப் புதிய பெயரை வேறு நிற மையினால் எழுதி, ஓரத்திலே ஆண்டையும் குறித்தார்கள். அப்புத்தகங்களைக் காத்துவந்த மதிப்பீட்டு அலுவலகம், 2023 மார்ச்சு மாதத்திலே வேறு இரண்டு திணைக்களங்களோடு இணைந்து புதுப்பெயர் பெற்றுவிட்டது. பெயர் மாறிய வீதியைத் தேடுவோர் பெயர் மாறிய அலுவலகத்தை முதலிலே தேடவேண்டும்!

எனக்கு அயர்லாந்து செல்ல வேறு விசா வேண்டியிருந்தது. அக்கதை இங்கு வேண்டா. ஆவணி மாதம் ஹொலிஹெட் துறையிலே கப்பலேறி டப்ளின் சேர்ந்தோம். அரைநாள் அப்புத்தகங்களோடு இருந்தோம். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பெயர்மேற் பெயராய் அடுக்கியிருந்த பக்கங்களைக் கண்டபோது, பல கைகள் தொட்ட பழஞ்சுவடி ஒன்றைப் பார்ப்பதுபோலவே இருந்தது. சப்பாத்துக்காரர் 1880களிலே அம்மனைக்கு வருகிறார். அவர் பெயர் வெட்டப்பட்டு மனைவியின் பெயர் வருகிறது. பின்பு கடைக்குட்டியின் பெயர். அதன்பின் வேறு குடும்பம். தலைப்பு ஒரு புத்தகத்திலே கம்பலந்து என்றிருந்தது. பின்னையதிலே எமெற் என்றிருந்தது. இடையிலே விளக்கமாக ஒரு சொல்லும் இல்லை. மனையின் எண் மாத்திரம் மாறவில்லை.

ஏடு பரிசோதிப்போர் ஒரு பாடத்தைக் கொண்டு மற்றதை விலக்கும்போது, விலக்கியதை அடிக்குறிப்பிலே காட்டுவது முறை. எமெற் என்னும் பாடமே கொள்ளத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. கலொடனிலே காயப்பட்டுக் கிடந்தவர்களையும் விடாது கொன்றவர்களின் தலைவனுக்கு ஒரு வீதியும் வேண்டியதில்லை. ஆயினும் பலகையின் அடியிலே சிறிய எழுத்திலே ‘முன்னர் கம்பலந்து வீதி’ என்று பொறிப்பதால் யாருக்கு என்ன குறை? இதைப் பேருந்திலே சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். அவர் சிறிது யோசித்து, “பூட்டனார் அந்தப் பெயரை வெறுத்தவராகத்தான் இருப்பார், ஐயா. ஆனாலும் மகளுக்கு எழுத வேறு முகவரி அவரிடம் இருக்கவில்லையே” என்றார்.

டப்ளினிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர். வழியிலே தபாற்பெட்டிகளைக் கண்டேன். எல்லாம் பச்சை. ஆங்கில ஆட்சி நீங்கியபோது சிவப்புப் பெட்டிகளுக்குப் பச்சை பூசினார்கள்; விக்டோரியா அரசியின் எழுத்தும் முடியும் அப்பூச்சின் கீழே இன்னும் புடைத்து நிற்கின்றன. எமெற் சதுக்கத்திலே தூண் நிற்கிறது. உச்சியிலே ஒருவரும் இல்லை. சிலை பழுதாகி விழும் நிலையிலிருந்தமையால் 1915இலே இறக்கிவிட்டார்கள். பிரபுவும் இல்லை, எமெற்றும் ஏறவில்லை. காகமொன்று இருந்தது.

வீதியிலே மனைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிச் சென்றோம். இரண்டு வீடுகளுக்கிடையே ஐயம் வந்தது. இடையிலே ஒரு மனை பிற்காலத்திலே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அப்போது 1901ஆம் ஆண்டு வீட்டுத்தாள் உதவியது. சுவர் கல், கூரை கற்பலகை, முன்புறச் சாளரம் ஐந்து என்று பொலீஸ்காரர் எழுதியிருந்தார். முதல் வீட்டிலே சாளரம் மூன்று. அடுத்ததிலே கீழே இரண்டு, மேலே மூன்று. சம்பந்தியம்மா தெருவின் மறுகரையிலே நின்று இரண்டுமுறை எண்ணினார்.

கதவைத் திறந்தவர் நடுவயதுப் பெண்மணி. நாங்கள் சொன்னதைக் கேட்டு, உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். கடிதத்தைப் பார்த்து, “கம்பலந்து வீதியா? கேள்விப்பட்டதில்லையே” என்றார். பிறகு எதையோ நினைத்தவராய் மாடிக்குச் சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே வீட்டு உறுதிகள். பழையதொன்றிலே எல்லை கூறுமிடத்திலே ‘கம்பலந்து வீதி என்று முன்னர் வழங்கிய எமெற் வீதியிலுள்ள வீடும் வளவும்’ என்று இருந்தது. கீழே, விற்றவர் கையொப்பமாக, கடைக்குட்டியின் பெயர்.

எங்கள் யாழ்ப்பாணத்து உறுதிகளிலும் இப்படித்தான். ஊரிலே எவரும் சொல்லாத காணிப் பெயர், உறுதியிலே அழியாது கிடக்கும். பலகை எழுதுவோர் விட்டதை நொத்தாரிசு விடமாட்டார்.

சம்பந்தியம்மா அந்தக் கையொப்பத்தின்மீது விரலை வைத்துக்கொண்டிருந்தார். தோல் வெட்டும் மேசை எங்கே இருந்திருக்கும் என்று கேட்டார். தெருப்பக்கத்து அறையாய் இருக்கலாம், வெளிச்சம் அங்கேதான் என்றார் வீட்டுக்காரி. அந்தச் சாளரத்தண்டை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை முதலிலிருந்து முடிவுவரை வாய்விட்டு வாசித்தார். தோலின் விலை, தாயாரின் இருமல், குழந்தையின் பெயர்.

திரும்பும் கப்பலிலே, கடைக்குட்டி எந்த ஆண்டு வீட்டை விட்டுப் போனார், ஏன் போனார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். 1926 ஏப்ரில் 18ஆம் நாள் புதிய அரசு முதன்முறை குடிசன மதிப்பு எடுத்தது. அத்தாள்களை நூறாண்டு நிறைந்தபின்னரே திறப்பார்கள் என்றேன். அவர் கணக்குப் பார்த்தார்.

“எனக்கு எழுபத்தொன்பது நடக்கும். சாகிற வயதா அது?” என்றார்.